தலையணைக்குத் தோள்மூட்டு இல்லை

அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் யாரிடம் விசாரித்தாலும் ‘தங்கமான மனிசன்’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கம்தான். தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா?

பேர் வேண்டாம். ஊரே ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, வெள்ளை ஷேர்ட், வெள்ளைத் தொப்பி, மூக்கின் நுனிக்கு வழுக்கி வழுக்கி வரும் தடித்த கண்ணாடி. ஷேர்ட்டின் ஒரு கை எப்போதும் மடித்தே இருக்கும். ஏதோ பாணி என்று நினைத்திருந்தேன். அவருடைய மனைவி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. பசாரில் ஒரு வயதான தையல்காரர், கண் பார்வை மங்கியவர், ஒரு கையைக் குட்டையாக வெட்டிவிடுகிறாராம். இவர் ஒவ்வொரு பெருநாளைக்கும் அவரிடமே துணியைக் கொடுத்து, நீளமான கையை மடித்துவிட்டுக்கொண்டு, “நல்லாத் தைச்சிரிக்கீங்க” என்று சொல்லிவிட்டு வருவாராம்.

நான் அவரை முதலில் சந்தித்தது ஆஸ்பத்திரி வாட்டில். நான் அங்கே தாதி. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மூன்று வீட்டார் அவரை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஓம் சொல்லி, மூன்று வீட்டிலும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு, பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு எங்கள் வாட்டில் வந்து படுத்தார். நான்தான் சேலைன் ஏற்றினேன்.

“ஒரு வீட்டுக்காவது ஏலா எண்டு சொல்லியிரிக்கலாமே சேர்?” என்று கேட்டேன்.

“எப்பிடிச் சொல்ற மிஸ்ஸி? ஆசையாக் கூப்பிடுறாங்க. ஆளை நோகடிச்சு நாம என்னத்தக் காணப்போறம்?”

எங்கள் பக்கம் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அப்படிச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முகதாட்சண்யம் என்று ஒரு சொல் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்காகவே உண்டாக்கிய சொல். முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல வாய் வராத வியாதி. ஒரு தையல்காரரோடும் மூன்று விருந்தோடும் அது நின்றிருந்தால் நானும் ஊரோடு சேர்ந்து அவரைப் புகழ்ந்துகொண்டு இருந்திருப்பேன். ஆனால் அந்த மனிதரைப் பிடித்து, ஆளுக்கு ஆள் தராதரம் பார்த்துச் சரி, பிழை சொல்லும் கதிரையில் இருத்தினார்கள்.

எங்கள் கரையோரத்தில் பராமரிப்பு இல்லங்கள் பல இருக்கின்றன. முதியவர்களுக்கு, புத்தி வளராதவர்களுக்கு, மனநோயாளிகளுக்கு என்று. அங்கே இருப்பவர்களில் சிலருக்குச் சில நேரம் வெறி வந்துவிடும். தலையைச் சுவரில் மோதுவார்கள், பக்கத்தில் நிற்பவரை அடிப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கும் நோகாமல் மற்றவர்களுக்கும் காயம் வராமல் பிடித்து அமைதிப்படுத்த ஒரு முறை உண்டு. பாதுகாப்பான பிடி என்போம். அதை யாரும் எடுத்த எடுப்பில் கற்பிக்கக் கூடாது, கற்பிக்கிறவரை முதலில் சோதித்து அங்கீகாரம் கொடுக்க வேண்டும் என்று இல்லங்கள் எல்லாம் கூடி முடிவெடுத்தன. சோதிக்கிற குழுவுக்கு யாரைத் தலைவராகப் போடுவது என்று வந்தபோது, யாரும் ஒரு குறை சொல்லாத மனிதர் என்று அவரைப் போட்டார்கள். யாரும் குறை சொல்லாத மனிதர் யாரையும் குறை சொல்லாத மனிதர் என்பது ஒருவருடைய மூளைக்கும் எட்டவில்லை. உடம்பு தெரிந்த ஒரு ஆளும் வேண்டும், பெண்ணாகவும் இருந்தால் நல்லது என்று என்னையும் சேர்த்தார்கள். ஆனால் கையெழுத்து அவருடையது மட்டும்.

நாங்கள் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. பிடிப்பதற்கு முன் பிடிக்காமலே ஆளை ஆற்றுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறாரா? அதுதான் பயிற்சியில் பாதி. பயிலுகிற ஒவ்வொருவரும் அந்தப் பிடியைத் தன் உடம்பில் ஒரு முறையாவது அனுபவிக்கிறாரா? ஆளைக் குப்புறப் போடாமல் இருக்கிறாரா? பிடிபட்டவரின் தலைமாட்டில், கையை வைக்காமல், முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க ஒருவரை விடுகிறாரா? தலைமாட்டில் நிற்பவர் ‘போதும்’ என்றால் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான்.

சேருக்கு ஒரு பழக்கம். முடிவு சொல்ல வேண்டிய இடம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, ஷேர்ட்டின் நுனியால் துடைக்கத் தொடங்குவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. எது எது தவறாக நடந்ததோ அது அது நடந்த நேரத்திலெல்லாம் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, “பார்த்துச் செய்வம்” என்பார்.

நிஸ்தார் என்று ஒருவர் அங்கீகாரம் கேட்டிருந்தார். வெளிநாட்டில் காவல் வேலை செய்துவிட்டு வந்தவர். சாய்ந்தமருதில் ஒரு இரும்புக் கடைக்கு மேல் மாடியில் மண்டபம் எடுத்து, மெத்தை விரித்து, இல்லங்களில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கெட்ட ஆள் இல்லை. வாட்டசாட்டமானவர், சேரைக் கண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளை போல எழுந்து நின்றார்.

நாங்கள் போன நேரம் லுஹர் தொழுகை முடிந்திருந்தது. “முதல்ல சாப்பிடுவம் சேர், எங்கட வீடு பின்னுக்குத்தான்” என்றார் நிஸ்தார். முதலில் பயிற்சியைப் பார்ப்போம், பிறகு சாப்பிடலாம் என்றேன். சேருக்கு முகம் வாடிவிட்டது.

“சமைச்சு வெச்சிட்டு இரிக்கிறாங்க மிஸ்ஸி. சோத்த ஆறவிட்டு ஆளைப் பரீட்சிக்கிறதா?”

ஆண்களுக்கு முன்னறையில் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றிவர இருந்து எல்லாரும் ஒரே தட்டில் உண்பது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான், நான் அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் கதவுச் சீலைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு இருந்து நான் பார்த்தேன்: நிஸ்தார் இறைச்சியில் நல்ல துண்டாகப் பிய்த்துப் பிய்த்து சேரின் பக்கத்துக்குத் தள்ளினார். சேர் அதை நிஸ்தாரின் பக்கத்துக்குத் திருப்பித் தள்ளினார். ஒரே தட்டில் கை நனைத்த பிறகு எந்த மனிதன் எழுந்து, நீ தேறவில்லை என்று சொல்வான்? இவர் எந்தக் காலத்தில் சொல்வார்? என் பக்கத்தில் நிஸ்தாரின் உம்மா வட்டிலப்ப இனிப்பை என் கோப்பையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

“வெளிநாட்டால வந்து என்ட புள்ளைக்கு ஒரு வழியும் இல்லாம இரிந்திச்சு மகள். நீங்க ரெண்டு பேரும் பாத்து நல்ல முடிவாச் சொல்லுங்க.”

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

சாப்பாட்டில் நேரம் போய்விட்டது. ஆற்றுவது எப்படி என்ற முதல் பாதியைக் காட்ட நிஸ்தார் தொடங்கினார். “அது தெரிஞ்சதுதானே தம்பி, பிடியக் காட்டுங்க” என்று சேர் அதைத் தாண்டிப் போகச் சொன்னார். ஆண்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் குப்புறப் போட்டுப் பிடித்துக் காட்டினார்கள். மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் பெண்கள் ஒரு வரிசையாக இருந்தார்கள், எல்லாரும் இல்லங்களில் வேலை செய்பவர்கள். ஒவ்வொருவருக்கு முன்னாலும் ஒரு உருட்டுத் தலையணை. நிஸ்தார் முன்னால் நின்று ஒரு தலையணையைக் கக்கத்தில் மடக்கிக் காட்ட, அவர்களும் தங்கள் தங்கள் தலையணையை மடக்கினார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

“இதென்ன சேர்?” என்றேன்.

“பொம்புளைகள ஆம்புளை தொட்டுப் பழக்க ஏலுமா மிஸ்ஸி? மார்க்கத்துக்கு மாறாம ஒரு வழி கண்டுபிடிச்சிரிக்கார். மாஷா அல்லாஹ்.”

“பொம்புளையப் பொம்புளை தொடலாம்தானே? ஒருத்திக்கு ஒழுங்காப் பழக்கி, அவவக் கொண்டு மத்தவங்களுக்குப் பழக்கலாம். நான் வந்து பழக்கிறன். சேர், தலகணைக்குத் தோள்மூட்டு இல்ல. மூச்சும் இல்ல. இவங்க நாளைக்குப் புடிக்கப்போறது தலகணைய இல்ல.”

சேர் கண்ணாடியைக் கழற்றினார்.

அங்கீகாரம் கொடுக்கக் கூடாது என்று நான் எழுதினேன். ஒவ்வொரு குறையாக எழுதினேன். அவர் அதை வாசித்து, “நீங்க சொல்ற எல்லாம் சரி மிஸ்ஸி” என்றார். அப்படிச் சொல்லிவிட்டு அங்கீகாரத்தில் கையெழுத்தையும் போட்டார். எனக்கும் ஓம், நிஸ்தாருக்கும் ஓம். அவரோடு சண்டை பிடிக்கவும் முடியாது. சண்டை பிடிக்க எதிரே ஒரு ஆள் வேண்டுமே.

இனி என் தங்கச்சி நூராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கும் முப்பது கடந்துவிட்டது, புத்தி மட்டும் நாலு வயதில் நின்றுவிட்டது. கதைப்பது குறைவு. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவளைப் பகல்நேர இல்லம் ஒன்றில் விட்டுவிட்டுப் போவேன். உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போகும் முன் வருடக்கணக்காகப் பாடுபட்டு அவளுக்கு ஒரே ஒரு காரியத்தைப் பழக்கியிருந்தார். தானே முக்காடு போட்டுக்கொள்வது. துணியைத் தலைக்கு மேல் உயர்த்தி, சரி பார்த்து, தாடைக்குக் கீழே ஊசி குத்தி, கண்ணாடிக்கு முன் நின்று தன்னைத் தானே பார்த்துச் சிரிப்பாள். காலையில் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். அவளுடைய சொத்து சுகம் எல்லாம் அதுதான்.

ஒரு நாள் இல்லத்தில் அவளுடைய முக்காட்டில் கறி ஊற்றுப்பட்டுவிட்டது. கழுவுவதற்காக ஒருத்தி அதைக் கழற்றி எடுத்துப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துப் பேக்கரிப் பாண் கொண்டு வருகிற ஆள் வாசலில் வந்து நின்றிருக்கிறான். தலையில் துணி இல்லாமல் அந்நிய ஆணுக்கு முன் நிற்பதா? நூரா கத்தத் தொடங்கினாள். தலையில் அடித்துக்கொண்டாள், பிடிக்க வந்தவர்களையும் அடித்தாள். ‘முக்காடு, முக்காடு’ என்றுதான் கத்தியிருக்கிறாள். என்ன வேண்டும் என்று ஒருத்தி கேட்டிருந்தால், ஒரு துவாயை எடுத்துத் தலையில் போட்டிருந்தால் முடிந்திருக்கும். பிடிக்காமல் ஆற்றும் பாடத்தைத்தான் சேர் தாண்டிப் போகச் சொன்னாரே. நிஸ்தாரிடம் தலையணை மடக்கிப் பழகிய இரண்டு பெண்கள் அவளைக் குப்புறப் போட்டு, இடக்கையைப் பின்னால் முறுக்கி மேலே தூக்கினார்கள். தலையணை எவ்வளவு முறுக்கினாலும் முறுகும்.

தோள்மூட்டு கழன்றுவிட்டது. எலும்பை எங்கள் ஆஸ்பத்திரியில் திரும்பப் போட்டார்கள். ஆனால் தோளுக்குப் போகும் நரம்பு நைந்துவிட்டது, அது திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவளால் இடக்கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்த முடியாது. ஒரு கையால் முக்காடு நிற்காது. அவள் கண்ணாடிக்கு முன் நின்று வலக்கையால் துணியைத் தலையில் போடுவாள், அது வழுகி விழும். மறுபடி போடுவாள். நான் வந்து கட்டிவிடும் வரைக்கும் போடுவாள். கட்டிவிட்ட பிறகு சிரிக்க மாட்டாள்.

அந்த நாட்களில் சேர் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எருமைத் தயிர்ச் சட்டியும் தேனும் கொண்டு வந்து, கட்டிலருகே இருந்து, அவளுக்குக் கரண்டியால் ஊட்டிவிட்டார். நூராவுக்கு அவர் என்றால் உயிர். ‘சேர் மாமா’ என்று அவர் வரும் நேரத்துக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் தூங்கிய பிறகு அவர் வெளி விறாந்தையில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். ஏச வேண்டும் என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு போனேன். அழுகிற மனிதரை எப்படி ஏசுவது? அதுவும் ஒரு தந்திரமோ என்று கூட நினைத்தேன். இல்லை, உண்மையான கண்ணீர். அதுதான் என்னை இன்னும் எரித்தது.

“நிஸ்தாருக்குக் குடுத்த அங்கீகாரத்தத் திரும்ப வாங்குங்க சேர்,” என்றேன். “இன்னம் எத்தின பேர்ட கை போகணும்?”

“ஓம் மிஸ்ஸி. இன்ஷா அல்லாஹ் செய்வம்.”

இரண்டு நாள் கழித்து நிஸ்தார் நூராவைப் பார்க்க வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். போகும்போது சொன்னார், “சேர் ஒண்டும் நடக்காது, பயப்படாதீங்க எண்டு சொன்னார். ஆனா எனக்கு நித்திரை இல்ல மிஸ்ஸி.”

நான் விடவில்லை. இல்லங்களுக்கெல்லாம் ஏறி இறங்கி, நிஸ்தாரின் பயிற்சியை மறுபடி சோதிக்க வேண்டும் என்று கேட்டேன். கடைசியில் நாள் குறித்தார்கள். சாப்பாடு கிடையாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். அப்படியும் நான் படியேறிப் போகும்போது சேர் ஒரு கிளாஸ் சர்பத்தைக் குடித்து முடித்திருந்தார்.

இல்லத்தில் நடந்தது வெளியே தெரிந்த பிறகு நிஸ்தாரிடம் படிக்க வந்தவர்கள் பலர் நின்றுவிட்டார்கள். அன்றைக்கும் வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. பிடியைக் காட்டக் கீழே படுக்க ஆள் இல்லை. நிஸ்தார் வியர்த்து வழிய, மூலையில் கிடந்த உருட்டுத் தலையணையை எடுக்கப் போனார்.

“தலகணை வேணாம்,” என்றேன்.

நிஸ்தாரின் முகம் செத்துப் போனது. அதைச் சேரால் தாங்க முடியவில்லை. எழுந்தார்.

“நான் படுக்கிறன் தம்பி. நீங்க வழமையாச் செய்யிற மாதிரியே செய்ங்க.”

“உங்கட வயசுக்கு வேணாம் சேர். ஆளைக் குப்புறப் போடுறதே பிழை எண்டுதானே நான் சொல்லிட்டு இரிக்கன்.”

“ஒருக்காப் பார்ப்பமே மிஸ்ஸி. அதுக்குத்தானே வந்த.”

கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார். தொப்பியைக் கதிரையில் வைத்தார். மெத்தையில் குப்புறப் படுத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தலைமாட்டில் முழந்தாளிட்டு இருந்தேன். நோவு வந்தால் போதும் என்று சொல்லுங்கள், உடனே விட்டுவிடுவார் என்று இரண்டு தரம் சொன்னேன். ஓம் என்றார். அவர் எதற்குத்தான் ஓம் சொல்லவில்லை?

நிஸ்தார் அவருடைய கையைப் பின்னால் மடக்கி, முழங்காலை முதுகில் வைத்தார்.

“நோவுதா சேர்?”

“இல்ல தம்பி. பரவாயில்ல.”

நிஸ்தார் கொஞ்சம் அழுத்தினார். சேரின் கன்னம் மெத்தையில் புதைந்தது.

“எப்பிடி சேர்?”

“பரவாயில்ல.”

குரல் மெலிந்துவிட்டது. முழங்காலை எடுங்கள் என்றேன். நிஸ்தார் எடுக்கவில்லை. “அவர் கதைக்கிறாரே மிஸ்ஸி, கதைக்கிற ஆளுக்கு மூச்சு இரிக்கிதானே?” என்றார். அதைத்தான் அவர் எல்லாருக்கும் படிப்பித்தும் வந்தார். எத்தனை உயிரை வாங்கக்கூடிய பாடம் அது! மிச்சம் இருக்கிற மூச்சைச் செலவழித்துத்தான் மனிதன் கதைக்கிறான். நான் சேரின் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த உதடு அசைந்தது. போதும் என்று சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். சத்தம் வரவில்லை, அசைவு மட்டும்தான். பரவாயில்ல.

“உடு!” என்று கத்திக்கொண்டு நிஸ்தாரை இரண்டு கையாலும் தள்ளிவிட்டேன். அந்நிய ஆண், தொடக் கூடாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

சேரைப் புரட்டி இருத்தினோம். இருமினார், இருமிக்கொண்டே கையால் தரையைத் தடவிக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி என் கையில் இருந்தது. கொடுத்தேன். மாட்டிக்கொண்டு நிஸ்தாரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“நல்லாத்தான் புடிச்சீங்க தம்பி.”

நிஸ்தார் சுவரோடு சாய்ந்து நின்றார். “ஏன் சேர் சொல்லல்ல? நான் கேட்டன்தானே? ஏன் சொல்லல்ல?”

“மிஸ்ஸிக்கு முன்னால சொன்னா உங்கட மனம் நொந்திடும் எண்டு…”

நிஸ்தார் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார், “எனக்கு இந்த அங்கீகாரம் வேணாம் சேர். நீங்க திரும்ப வாங்குங்க. அந்தப் புள்ளையும் இப்பிடித்தான் கிடந்திரிப்பா.”

அவ்வளவு நாளும் நான் தலைகீழாக நின்று கேட்டதை அந்த ஆள் தானாகவே கொடுத்துவிட்டார். அந்த இடத்திலாவது சேர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூச்சு இன்னும் சரியாக வரவில்லை, ஷேர்ட்டின் பொத்தான் அறுந்து தொங்குகிறது, மடித்திருந்த கை அவிழ்ந்து கிடக்கிறது. அந்தக் கோலத்தில் நிஸ்தாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி, உம்மா கவலைப்படுவாங்க, நான் பார்த்துக்கிறன்” என்று தேற்றினார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

நிஸ்தார் சொன்ன சொல் தவறவில்லை. மண்டபத்தை மூடிவிட்டு இப்போது சைக்கிள் உதிரிப்பாகம் விற்கிறார். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் முழங்காலுக்குக் கீழே ஒரு மூச்சு அடங்குவதை உணர்ந்து அந்தத் தொழிலையே விட்டவர் அவர். சேருக்குத்தான் எதுவும் உறைக்கவில்லை. அதே கதிரையில் இருந்தார், அதே மாதிரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

குழுவிலிருந்து நான் விலகினேன். விலகிப் பெண்களுக்கு நானே பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். முதல் நாளில் பிடியே கிடையாது. ஒரு ஆள் ஏன் கத்துகிறாள், என்ன கேட்கிறாள் என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். அடுத்த நாள் ஒவ்வொருத்தியும் பிடிபட வேண்டும், தலைமாட்டில் ஒருத்தி நிற்க வேண்டும். முறைப்படி நானும் அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தேன். அந்தக் கிழமைக்குள்ளேயே அங்கீகாரம் வீட்டுக்கே வந்துவிட்டது, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பும் சேர்த்து. ஒருவரும் வந்து பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் ஓட்டோ பிடித்து அவருடைய வீட்டுக்குப் போனேன்.

“வந்து பார்த்திட்டுத் தாங்க சேர். நான் பிழையாச் செஞ்சா என்ன செய்யிற?”

“நீங்களா மிஸ்ஸி பிழையாச் செய்யப்போறீங்க?”

“எனக்கும் பிழை வரும். வந்து பாருங்க.”

“இன்ஷா அல்லாஹ் வாறன்.”

வரவே இல்லை. வந்தால் எங்காவது ஒரு குறை கண்ணில் படும், சொல்ல வேண்டி வரும். அந்த அங்கீகாரத்தை அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன், மஸ்கட்டை மட்டும் நூரா தின்றுவிட்டாள். இல்லங்கள் வேறு ஊரிலிருந்து ஆள் அழைத்து வந்து என்னைச் சோதித்தன. வந்தவர் இரண்டு இடத்தில் திருத்தினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

சேர் போன வருடம் மௌத்தானார். மௌத்தும் அவருடைய குணத்துக்கு ஏற்றபடிதான் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் சஹனில் இருந்து சாப்பிடும்போது நெஞ்சு வலி வந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் முகத்தைப் பார்த்து, “என்ன சேர், வேர்க்கிது?” என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் இடையில் எழுந்தால் அந்தத் தட்டில் மற்றவர்களுக்கும் சாப்பாடு இறங்காது என்று, “பரவாயில்ல, நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லிக்கொண்டு கடைசிக் கவளம் வரைக்கும் இருந்திருக்கிறார். கை கழுவப் போன இடத்தில் விழுந்துவிட்டார். ஊரில் இதையும் பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்டதும் நான் ஏசினேன், ஏசி முடித்து அழுதேன். அது வேறு.

மையித்து வீட்டுக்குப் போகாமல் இருந்திருப்பேன். நூரா விடவில்லை. “சேர் மாமா, சேர் மாமா” என்று காலையிலிருந்தே முக்காட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிவிட்டுக் கூட்டிப் போனேன்.

வீடு நிறையப் பெண்கள். ஆளுக்கு ஆள் அவரைப் பற்றித்தான் கதைத்தார்கள். யாருக்கும் ஒரு பொல்லாப்புச் செய்யாத மனிசன். வாய் திறந்து ஒருத்தரை நோகடிக்காத மனிசன். நூரா மூலையில் என்னோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். சனநெரிசலில் ஊசி கழன்று அவளுடைய முக்காடு தோளில் சரிந்தது. வலக்கையால் எடுத்துப் போட்டாள், வழுகியது. மறுபடி போட்டாள்.

உள்ளறையில் வெள்ளை உடுத்து இருந்த சேரின் மனைவி அதைக் கண்டு கூப்பிட்டார். நூராவைத் தனக்கு முன்னால் இருத்தி, துணியைச் சரிசெய்து, தாடைக்குக் கீழே பதமாக ஊசி குத்திவிட்டார். அப்படியே என்னைப் பார்த்துச் சொன்னார்:

“மிஸ்ஸி, எங்கட மனிசன் உங்களுக்கு ஏதும் நோவினை செஞ்சிரிந்தா மாப்புச் செய்ங்க. இவக்கிட்டயும் கேக்கிறன். மாப்புத் தாறியா மகள்?”

“ஓம்,” என்றாள் நூரா.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு சொல்தான். மையித்தை எடுக்கப்போகிறார்கள், முன்னால் இருப்பது கணவனை இழந்த பெண், என் தங்கச்சியின் தலையில் இன்னும் அந்தப் பெண்ணின் கை இருக்கிறது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது எவ்வளவு இலேசான காரியம். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. சேர் வாழ்நாள் முழுக்க எந்த இடத்தில் வழுகி விழுந்தார் என்று அப்போதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“நூராட கைக்கு நூரா மாப்புத் தந்திட்டா, மாமி. அது அவட ஹக்கு, அவட உரிமை,” என்றேன். “எனக்கு ஏலா.”

ஒருத்தி ‘அஸ்தஃபிருல்லாஹ்’ என்றாள். இன்னொருத்தி என் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள். சேரின் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில், முகத்துக்கு நேரே, ‘ஏலா’ என்ற சொல்லை அவர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.